ஒரு டி-ஷர்ட்டின் உலகச் சங்கிலி: எதை எங்கே செய்வது, எந்த நிலையில் நிறுத்துவது, எவ்வளவு இருப்பு வைப்பது

உலகளாவிய சப்ளை செயினைத் திட்டமிட உட்கார்ந்ததும் நாடுகளின் பட்டியலைத்தான் பலர் முதலில் எடுக்கிறார்கள். வங்கதேசமா, வியட்நாமா, திருப்பூரா, துருக்கியா என்று விலை கேட்டு ஒப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் இரண்டு எண்கள் கையில் இருக்க வேண்டும். வாரா வாரம் விற்பனை எவ்வளவு ஏறி இறங்குகிறது? சொன்ன நாளுக்கும் சரக்கு உண்மையில் கிடங்கில் இறங்கும் நாளுக்கும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது? இவை தெரியாமல் போட்ட திட்டம் முதல் சீசனிலேயே ஏர் ஷிப்மென்ட்டில் போய் நிற்கும்.

இங்கே ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் நிட்டிங், டையிங், தையல் எல்லாம் முடித்து, தூத்துக்குடி வழியாக ரோட்டர்டாமில் இறக்கி, வட ஐரோப்பாவில் விற்கும் 150 கிராம் பருத்தி டி-ஷர்ட். கீழே வரும் நாள் கணக்கும் விலைகளும் முறையைக் காட்டுவதற்கான மாதிரி எண்கள். உங்கள் ஷிப்மென்ட் ஃபைலில் உள்ளவற்றை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பொருளைப் பிரிப்பது

வாராந்திர விற்பனையின் திட்ட விலக்கத்தை (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்ற அளவை) சராசரியால் வகுங்கள். ஸ்டைல் அளவில் செய்தால் போதாது. நிறம், சைஸ் வரை இறங்க வேண்டும். ஸ்டாக் இல்லாமல் இருந்த வாரங்களை நீக்கிவிட்டுக் கணக்கிடுங்கள். இல்லையென்றால், விற்றிருக்க வேண்டிய சரக்கு 'தேவை இல்லை' என்று பதிவாகிவிடும். விடை 0.3க்குக் கீழே இருந்தால் அது அடிப்படைச் சரக்கு: வெள்ளை, கறுப்பு, நேவி. 0.7க்கு மேலே போனால் ஃபேஷன். நடுவில் இருப்பதை ஃபேஷனாகவே நடத்துவது பாதுகாப்பு.

இரண்டையும் ஒரே சங்கிலியில் ஓட்டக் கூடாது. அடிப்படைச் சரக்குக்குப் பெரிய லாட், முழு கன்டெய்னர், கடல் வழி. ஃபேஷனுக்கு நிறத்தையும் அளவையும் எவ்வளவு தாமதமாக முடிவு செய்ய முடியுமோ அவ்வளவு நல்லது. ஜாராவின் தாய் நிறுவனமான இன்டிடெக்ஸ் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. எது ஓடும் என்று தெரியாத ரகங்கள் ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, துருக்கியில் தயாராகின்றன; வருடம் முழுக்கப் போகும் ரகங்கள் ஆசியாவிலிருந்து வருகின்றன. துருக்கியில் தையல் கூலி அதிகம்தான். அந்தக் கூடுதல், கழித்துக்கட்டும் சரக்கில் மிச்சமாகிறதா என்பதுதான் அங்கே கணக்கு.

பஞ்சு வரை வரைந்து பார்ப்பது

தையல் யூனிட்டோடு வரைபடம் நின்றுவிட்டால் பயன் இல்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் வழக்கமான நாள், மோசமான நாள், குறைந்தபட்ச லாட், அந்த யூனிட் அமைந்திருக்கும் இடம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். நமது டி-ஷர்ட்டுக்கு நாள் கணக்கு இப்படி வரும் (முதலில் வழக்கம், அடுத்தது மோசம்):

நூல் வந்து சேர: 7 – 20
நிட்டிங்: 6 – 10
டையிங், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் அழுத்துவது): 10 – 20
கட்டிங், பிரிண்டிங், தையல்: 18 – 28
செக்கிங், அயர்னிங், பேக்கிங், இன்ஸ்பெக்ஷன்: 6 – 10
தூத்துக்குடி, கஸ்டம்ஸ், கட்-ஆஃப் (கப்பலுக்குச் சரக்கு ஒப்படைக்கும் கடைசி நேரம்) காத்திருப்பு: 4 – 7
கடல், கொழும்பில் கப்பல் மாறி: 28 – 42
ரோட்டர்டாமிலிருந்து கிடங்கு: 5 – 10

வழக்கப்படி 84 நாள், அதாவது 12 வாரம். எல்லாம் ஒன்றாகக் கெட்டால் 147 நாள். அப்படி எல்லாமே ஒன்றாகக் கெடுவது அபூர்வம், ஆனால் எந்த வரியில் இடைவெளி பெரிது என்று பாருங்கள். கடலில் 14 நாள். நூலிலும் டையிங்கிலும் சேர்த்து 23 நாள். கப்பலைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். தாமதத்தில் பெரும்பகுதி கப்பல் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. லேப் டிப் (ஒப்புதலுக்கு அனுப்பும் சிறு சாய மாதிரி) ஒருமுறை ரிஜெக்ட் ஆனாலே நாலைந்து நாள் போய்விடும். பையர் அலுவலகத்தில் ஒப்புதல் கிடப்பில் கிடக்கும் நாளை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. அதற்கும் ஒரு வரி போடுங்கள்.

அளவைப் பின்னோக்கிப் போட வேண்டும். 10,000 சட்டை என்றால் நிகர எடை 1,500 கிலோ. கட்டிங் வேஸ்ட் 14 சதவீதம் என்றால் சாயமிட்ட துணி 1,744 கிலோ. டையிங் இழப்பு 7 சதவீதம் என்றால் கிரே துணி (இன்னும் சாயமிடாத துணி) 1,875 கிலோ. நிட்டிங்கில் 1 சதவீதம் போக, நூல் கிட்டத்தட்ட 1,895 கிலோ வேண்டும். இதில் 1,500ஐ 22 சதவீதத்தால் பெருக்கிக் கூட்டிவிட்டு 1,830 என்று எழுதுபவர்கள் உண்டு. இழப்பைக் கூட்டக் கூடாது, மிஞ்சும் விகிதத்தால் வகுக்க வேண்டும். இந்த லாட்டில் வித்தியாசம் சிறிது, ரகமும் ஆர்டரும் பெருகும்போது நூல் பாக்கெட் கணக்கில் உதைக்கும்.

குறைந்தபட்ச லாட் என்பது பெரும்பாலும் டையிங் மெஷின் தீர்மானிக்கிற விஷயம். 500 கிலோ கொள்ளும் மெஷினில் ஒரு நிறம் போட்டால் சுமார் 2,660 சட்டை வரும். அதற்குக் கீழே ஒரு நிறத்தை ஆர்டர் செய்தால் சிறிய மெஷின் தேட வேண்டும், அல்லது கிலோ ரேட் ஏறும். எட்டு நிறத்தில் ஆயிரம் ஆயிரம் சட்டை கேட்கும் டிசைனருக்கு இந்த எண்ணை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

பஞ்சு வரை போக இன்னொரு காரணம் சட்டம். சீனாவின் சின்ஜியாங்கில் விளைந்த பருத்தி கலந்த எதுவும் கட்டாய உழைப்பில் உருவானது என்றே கருதப்படும் என்ற அமெரிக்கச் சட்டம் 2022 ஜூன் 21 முதல் நடைமுறையில் உள்ளது. அப்படி இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதியாளர் பொறுப்பு. பேல் எண்ணிலிருந்து நூல் லாட், துணி ரோல், கட்டிங் டிக்கெட் வரை தாள் தொடர வேண்டும். சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது இந்தத் தாள்களைத் தேட ஆரம்பித்தால் கிடைக்காது.

சரக்கை எந்த நிலையில் நிறுத்துவது

வடிவமைப்பில் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இது. நூலாக இருக்கும்போது அது எந்தத் துணியாகவும் ஆகலாம். கிரே சிங்கிள் ஜெர்சியாக (டி-ஷர்ட்டுக்கான சாதாரண நிட் துணியாக) இருக்கும்போது ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது) முடிவாகிவிட்டது, நிறம் முடிவாகவில்லை. சாயம் ஏறியதும் நிறம் முடிந்தது, சைஸ் பாக்கி. வெட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் ஏறுகிறது, தேர்வு குறைகிறது.

அடிப்படைச் சரக்கை ஐரோப்பியக் கிடங்கில் முடிந்த சட்டையாகவே வைக்கலாம். வெள்ளை சட்டை இந்த மாதம் போகாவிட்டால் அடுத்த மாதம் போகும். ஃபேஷன் ரகத்தை கிரே துணியில் நிறுத்துங்கள். மேலே உள்ள பட்டியலில் கிரேயிலிருந்து தொடங்கினால் 13 நாள்தான் மிச்சம். அது சின்ன லாபம். ஆனால் நூலும் நிட்டிங்கும் சேர்ந்து உண்டாக்கும் 17 நாள் இழுபறி சங்கிலியிலிருந்து முழுதாக வெளியேறுகிறது, இருபது நிறங்களுக்குத் தனித்தனியாக ஊகிப்பதற்குப் பதில் ஒரே துணிக்கு ஊகித்தால் போதும். ஒரு நிறம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் இன்னொன்று கூடும். மொத்தம் அவ்வளவாக ஆடாது.

கிரே துணியில் நிறுத்தும்போது என்னென்ன கெடும்? நூல் லாட் கலந்தால் சாயமிட்ட பிறகு பட்டை பட்டையாகத் தெரியும். ஒவ்வொரு ரோலிலும் மில், லாட் எண், நிட்டிங் தேதி எழுதி, ஒரு டையிங் லாட்டுக்கு ஒரே நூல் லாட் என்று கட்டுப்படுத்த வேண்டும். லைக்ரா கலந்த துணியை ஹீட் செட் செய்யாமல் (சூட்டில் நிலைப்படுத்தாமல்) மாதக்கணக்கில் மடித்து வைத்தால் மடிப்புக் கோடு நிரந்தரமாகிவிடும். தரையோடு வைத்த ரோலில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். பழையது முதலில் போக வேண்டும் என்பது எழுதப்பட்டிருந்தாலும் கிடங்கில் முன்னால் இருப்பதுதான் முதலில் போகும். மூன்று மாதத்தைத் தாண்டிய ரோல்களுக்கு வேறு நிற ஸ்டிக்கர் ஒட்டுவது எளிய வழி. மெலாஞ்ச் (பல நிற இழை கலந்த நூல்), நூலிலேயே சாயமிட்ட கோடு ரகங்களுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றின் நிறம் நூலிலேயே முடிந்துவிடுகிறது.

இன்னும் தாமதப்படுத்த ஒரு வழி, தைத்த பிறகு சாயமிடுவது. இத்தாலியின் பெனெட்டன் ஸ்வெட்டர்களை இப்படிச் செய்துதான் பெயர் வாங்கியது. செய்யலாம், ஆனால் பேட்டர்ன் போடும்போதே சுருக்கத்துக்கு இடம் விட வேண்டும். தையல் நூல் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் நூல் ரியாக்டிவ் சாயத்தை ஏற்காமல் தையல் வேறு நிறத்தில் நிற்கும். லேபிளும் ரிப்பும் கூட அதே சோதனையைத் தாங்க வேண்டும்.

துணி மட்டும் தயாராக இருந்தால் போதாது. டையிங் மெஷின் நேரமும் தையல் லைனும் முன்பதிவு ஆகியிருக்க வேண்டும். 'ஆறாவது வாரத்தில் இரண்டு லைன் உங்களுக்கு, நிறம் நாலாவது வாரத்தில் சொல்கிறோம்' என்பது போன்ற ஒப்பந்தம். காலியாக விட்டால் என்ன தொகை என்பதையும் அதிலேயே எழுதுங்கள். எழுதாத முன்பதிவை சீசன் நெருக்கத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

பாதுகாப்பு இருப்பு

வாரத் தேவை 2,000 சட்டை, திட்ட விலக்கம் 500. லீட் டைம் (ஆர்டர் முதல் கிடங்கு வரை ஆகும் காலம்) 12 வாரம், அதன் விலக்கம் ஒன்றரை வாரம். நூற்றுக்கு 95 முறை ஸ்டாக் தீராமல் இருக்க வேண்டும் என்றால் பெருக்கும் எண் 1.65.

தேவையால் வரும் பகுதி: 12 × 500 × 500 = 30 லட்சம். லீட் டைம் ஆட்டத்தால் வரும் பகுதி: 2,000 × 2,000 × 1.5 × 1.5 = 90 லட்சம். கூட்டினால் 1 கோடியே 20 லட்சம்; வர்க்கமூலம் 3,464; 1.65ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5,700 சட்டை.

இப்போது இரண்டு மாற்றங்களைச் சோதியுங்கள். லீட் டைமை 12 வாரத்திலிருந்து 9 வாரமாகக் குறைத்து, ஆட்டத்தை அப்படியே விட்டால் 5,530 சட்டை வேண்டும். மூன்று வாரம் வேகம் கூட்டியும் 170 சட்டைதான் மிச்சம். 12 வாரத்தை அப்படியே விட்டு, ஆட்டத்தை ஒன்றரை வாரத்திலிருந்து முக்கால் வாரமாகக் குறைத்தால் 3,780 சட்டை போதும். வேகமான கப்பலுக்குக் கொடுக்கும் பணத்தை டையிங் தேதி தவறாமல் இருப்பதற்குச் செலவழிப்பது மேல் என்பதை மேலாளரிடம் காட்ட இந்த ஒரு கணக்கு போதும். வேகத்துக்கும் பலன் உண்டு. வழியில் முடங்கும் பணம் குறையும், ஊகிக்க வேண்டிய தூரம் குறையும். பாதுகாப்பு இருப்பில் அது பெரிதாகத் தெரியாது.

இதில் அடிக்கடி நடக்கும் பிழைகள் இரண்டு. மாதம் ஒருமுறைதான் ஆர்டர் போடுகிறீர்கள் என்றால் தேவைப் பகுதியில் 12க்குப் பதில் 16 வாரம் போட வேண்டும். அப்போது இருப்பு 5,950 ஆகும். அடுத்தது, ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பும் ஏஜென்ட்) தரும் துறைமுகம்-துறைமுகம் நாள்களை லீட் டைம் என்று எடுத்துக்கொள்வது. பிஓ (ஆர்டர்) தேதி முதல் கிடங்கில் ஸ்கேன் ஆன தேதி வரை கடைசி 20 ஷிப்மென்ட்டை எக்செலில் ஏற்றி விலக்கம் எடுங்கள்.

ஒரே சீசனில் முடியும் ஃபேஷனுக்கு இந்தச் சூத்திரம் வேண்டாம். சட்டை கிடங்கில் வந்து சேர 4 யூரோ, விற்பனை 14 யூரோ, மீந்தால் 2 யூரோ என்று வைப்போம். ஒன்று குறைந்தால் இழப்பு 10, ஒன்று மீந்தால் இழப்பு 2. 10ஐ இரண்டின் கூட்டான 12ஆல் வகுத்தால் 0.83. தேவையை 83 சதவீத வாய்ப்பில் ஈடுகட்டும் அளவு வாங்க வேண்டும் என்று பொருள். எதிர்பார்ப்பு 6,000, விலக்கம் 2,500 என்றால் 8,400 சட்டை வாங்குவது சரி. மீந்ததை எடுக்க ஆளே இல்லை என்றால் இழப்பு 4, விகிதம் 0.71, 7,400 போதும். சராசரியான 6,000ஐயே ஆர்டர் போடுவது இரண்டிலும் தவறு.

வந்திறங்கும் விலை

40 அடி ஹை கியூப் கன்டெய்னரில் நடைமுறையில் 65 கன மீட்டர் ஏறும். 60 × 40 × 30 செ.மீ. அட்டைப்பெட்டி 900 ஏற்றலாம். பெட்டிக்கு 60 என்றால் 54,000 சட்டை. எடை ஒன்பது டன் அளவில் நிற்கும், இடம்தான் முதலில் தீரும்.

எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) 3 டாலர், கன்டெய்னர் கட்டணம் 3,000 டாலர் என்றால் சட்டைக்குக் கப்பல் செலவு 5.6 சென்ட். ஐரோப்பிய ஒன்றியம் சிஐஎஃப் மதிப்பில் (விலையோடு காப்பீடும் கப்பல் செலவும் சேர்த்து) வரி போடுகிறது. பருத்தி நிட் டி-ஷர்ட்டுக்குப் பொது விகிதம் 12 சதவீதம், அதாவது 37 சென்ட். உள்ளூர் கையாளுதல் 3 சென்ட், வழியில் 37 நாள் முடங்கும் பணத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி போட்டால் 4 சென்ட். மொத்தம் 3.49 டாலர்.

கப்பல் கட்டணம் 10,000 டாலருக்கு ஏறினாலும் சட்டைக்குக் கூடுவது 13 சென்ட்தான். அதே சட்டை விமானத்தில் போனால், கன மீட்டருக்கு 167 கிலோ என்ற கணக்கில் 0.2 கிலோ, கிலோ 3 டாலர் என்றால் 60 சென்ட். அதனால் கட்டணத்துக்குப் பேரம் பேசும் நேரத்தில் பாதியை வரிப் பிரிவுக்குக் கொடுங்கள்.

வரியில் எல்லாம் தோற்ற விதிதான், அதாவது சரக்கு எந்த நாட்டில் உருவானதாகக் கணக்கு என்பதைச் சொல்லும் விதி. திருப்பூர்த் துணியை வங்கதேசத்தில் தைத்தால், குறைந்த வளர்ச்சி நாடுகளுக்கான சலுகையில் அது ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போகலாம், தையல் ஒரு கட்டமே போதும். அதே துணியை வியட்நாமில் தைத்தால் அந்த நாட்டு ஒப்பந்தச் சலுகை கிடைக்காது. அங்கே துணியும் தகுதியான இடத்தில் உருவாகியிருக்க வேண்டும். அமெரிக்கா எஃப்ஓபி மதிப்பில் வரி போடுகிறது, இதே சட்டைக்கு வழக்கமான விகிதம் 16.5 சதவீதம்.

சலுகையை மட்டும் நம்பித் தொழிற்சாலை போடாதீர்கள். எத்தியோப்பியாவுக்கு அமெரிக்கா கொடுத்த வரிச் சலுகை 2022 ஜனவரி 1 அன்று நின்றது. ஹவாசா தொழிற்பூங்காவில் தையல் யூனிட் நடத்திய அமெரிக்க ஆடை நிறுவனமான பிவிஎச் அதற்கு முன்பே வெளியேறியது. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்களில் பெரும்பகுதி மீதான கூடுதல் வரியை அமெரிக்கா 50 சதவீதமாக்கியபோது, 3 டாலர் சட்டைக்கு வரி வழக்கமான 50 சென்ட்டிலிருந்து 2 டாலராகிவிட்டது. ஒவ்வொரு நாட்டுக்கும் இன்றைய வரி, சலுகை போனால் வரி, அபராத வரி வந்தால் வரி என்று மூன்று நிரல் போட்டு, மூன்றிலும் தாங்கும் இடத்தைத்தான் பிரதானமாக்க வேண்டும்.

வழி

திருப்பூரிலிருந்து தூத்துக்குடி சுமார் 300 கி.மீ., கொச்சி அதைவிடக் கிட்டம், சென்னை தூரம். தூரத்தைவிட முக்கியம், வாரத்தில் எத்தனை கப்பல், கொழும்பில் இணைப்பு தவறினால் அடுத்தது எப்போது என்பது. ஒரு கேரியரோடு முழு சீசனையும் கட்டிவிடாமல் ஒப்பந்தக் கட்டணத்தில் முக்கால் பங்கு, மீதி வேறு கேரியரில் என்று வையுங்கள். 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே நின்று ஆறு நாள் வழியடைத்தது. 2023 நவம்பருக்குப் பிறகு செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனதில் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை கூடியது. முதலாவது விபத்து, இருப்பு வைத்துச் சமாளிக்கலாம். இரண்டாவது லீட் டைமே மாறிய கதை. அங்கே இருப்பைக் கூட்டிப் பயனில்லை, ஆர்டர் போடும் தேதியை முன்னே இழுக்க வேண்டும். அவசரத்துக்கு முழு விமானத்துக்குப் பதில் துபாய் வரை கப்பல், அங்கிருந்து விமானம் என்ற வழியின் விலையையும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

எது நின்றால் எத்தனை நாள் தாங்கும்

ஒவ்வொரு யூனிட்டுக்கும் இரண்டு நாள் கணக்கு எழுதுங்கள். அது முழுதாக நின்றால் மாற்று ஏற்பாடு ஓட எத்தனை நாள்? அதற்குப் பின்னால் இருக்கும் உபரி இருப்பு எத்தனை நாள் தாங்கும்? முதலாவது இரண்டாவதைவிட அதிகமானால் அங்கே ஓட்டை. நமது 5,700 சட்டை 20 நாள் தாங்கும். கப்பலில் வந்துகொண்டிருக்கும் சரக்கைத் தாங்கும் நாளில் சேர்க்காதீர்கள். அது வந்து விற்றுவிடும். இடைவெளி அதன் பின்னால் அப்படியே வரும். டையிங் நின்றால் அது கிடங்கில் தெரிய இரண்டு மாதம் ஆகும் என்பது மட்டுமே ஆறுதல், ஏற்பாடு செய்ய அவ்வளவு அவகாசம்.

டையிங்கில் ஓட்டை பெரிது. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, நல்ல தையல் யூனிட் நான்கு வைத்திருந்தவர்களும் துணியில்லாமல் மாதக்கணக்கில் திண்டாடினார்கள். தையலுக்கு இரண்டு சப்ளையர் என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். இருவரும் துணி எடுப்பது ஒரே சாயப்பட்டறையில். இரண்டாவது டையிங் யூனிட் வேறு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்ததா, அல்லது சொந்தச் சுத்திகரிப்பு உள்ளதா என்று கேளுங்கள். 2011 மார்ச் நிலநடுக்கத்தில் ரெனெசாஸின் நாகா சிப் ஆலை நின்றபோது டொயோட்டா கண்டதும் இதே சிக்கல்தான்; அதன் பிறகு கீழ்நிலை சப்ளையர்கள் வரை தரவுத்தளம் கட்டியது.

இரண்டாவது சப்ளையரை உயிரோடு வைக்க ஆர்டர் கொடுத்தாக வேண்டும். 70க்கு 30 என்ற பிரிவு நடைமுறையில் ஓடும். 10 சதவீதத்துக்குக் கீழே கொடுத்தால் நெருக்கடியில் உங்கள் வேலை வரிசையில் கடைசிக்குப் போகும். இருவருக்கும் ஒரே ஷேடு கார்டு, ஒரே ரெசிபி விளக்கம், நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் டெல்டா ஈ (நிற வித்தியாசம்) 1க்குள் என்ற எல்லை. ஒரே கடை அலமாரியில் இரண்டு கறுப்பு தொங்கினால் அடுத்த சீசன் ஆர்டரைப் பற்றிப் பேச்சே வராது.

கணக்கை எப்போது மறுபடி ஓட்டுவது? சீசனுக்கு ஒருமுறை கட்டாயம். நடுவிலும் சில மாற்றங்கள் வந்தால் காத்திருக்காதீர்கள்: வரி விகிதம் மாறுவது, மில் மாத விலையில் நூல் 10 சதவீதத்துக்கு மேல் ஏறுவது, கடைசி ஐந்து ஷிப்மென்ட்டில் மூன்று இரண்டு வாரத்துக்கு மேல் தாமதமாவது, டையிங் யூனிட் கைமாறுவது. கடைசியாகச் சொன்னதை மெர்ச்சன்டைசருக்கு முன்னால் லாரி டிரைவர் அறிந்திருப்பார், அவரிடம் கேட்டுவைக்கலாம்.